பதிவு எண் 245

என் உத்தியோக காலத்தின் பெரும்பகுதி பதிவேடுகளோடு கழிந்தது என்பது நான் எழுதுவதைப் படித்துவரும் உங்களுக்குத் தெரியும். பிறந்த தேதி, பிறந்த ஊர், அறிவித்தவர் பெயர், சூட்டிய பெயர், பக்க ஓரத்தில் பின்னாளில் சேர்ந்த குறிப்புகள். புதுச்சேரிக்காரர்கள் வாயில் இன்னும் அது 'எத்தா சிவில்'தான். இன்று எழுதப்போவதும் ஒரு பிறப்புப் பதிவைப் பற்றித்தான். ஆனால் பிறந்தது ஒரு கல்.

பதிவு இப்படி: வரிசை எண் 245. தேதி, 1885 பிப்ரவரி 6. ஊர், சென்னை நுங்கம்பாக்கம். அறிவித்தவர், நார்மன் ராபர்ட் போக்சன், அரசு வானியலாளர். சூட்டிய பெயர், வேரா. பெயரைச் சொன்னவர், போக்சனின் இரண்டாம் மனைவி.

கல்லின் உண்மையான வயது ஏறக்குறைய 450 கோடி ஆண்டு. அதற்கு 1885ஐப் பிறந்த ஆண்டாக எழுதலாமா என்று கேட்பீர்கள். எழுதலாம். ஆதரவில்லாமல் கிடைத்த குழந்தைக்கு எங்கள் பதிவேட்டில் கண்டெடுத்த நாளைத்தான் எழுதுவோம். அந்த நாளிலிருந்துதான் அது நம் கணக்குக்குள் வருகிறது.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே பல லட்சம் கற்கள் சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. தமிழில் சிறுகோள் என்கிறோம். எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் 'கொஸ்மொகிராஃபி' என்று ஒரு சின்னப் பாடம் இருந்தது. அந்த ஆசிரியர் 'அஸ்தெரொயித்' என்ற சொல்லைத் தொடவே மாட்டார். 'பெத்தித் பிளானேத்', அதாவது சின்னக் கோள் என்றுதான் சொல்வார். அஸ்தெரொயித் என்றால் விண்மீன் போன்றது என்று பொருள். தொலைநோக்கியில் புள்ளியாகத் தெரிவதால் 1802இல் வில்லியம் ஹெர்ஷல் அப்படிச் சொன்னார். தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வைத்த பெயர் அது, அந்தப் பொருளின் குணம் அதில் இல்லை என்பது எங்கள் ஆசிரியரின் வாதம். தமிழில் நாம் வைத்திருக்கும் சொல் அவர் கட்சியைச் சேர்ந்தது.

இந்தச் சிறுகோள்களில் முதலாவது 1801 ஜனவரி 1ஆம் தேதி சிசிலித் தீவின் பலெர்மோவில் பியாட்சி என்ற பாதிரியார் கண்ட சீரிஸ். அதற்கு எண் 1. பிறகு கண்டுபிடித்த வரிசையில் எண் போட்டுக்கொண்டே வந்தார்கள். 84 ஆண்டுகளில் 245க்கு வந்துவிட்டார்கள்.

இனி கல்லைப் பற்றி. வேராவின் குறுக்களவு சுமார் 80 கிலோமீட்டர். புதுச்சேரியிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் ஏறக்குறைய சீர்காழி. இடையில் இருக்கும் கடலூர், பரங்கிப்பேட்டை, சிதம்பரம் எல்லாம் அந்த ஒரே பாறையின் அகலத்துக்குள் அடங்கிவிடும். சூரியனிலிருந்து அதன் சராசரித் தூரம் சுமார் 46 கோடி கிலோமீட்டர், அதாவது பூமியின் தூரத்தைப் போல மூன்று மடங்குக்கும் கொஞ்சம் மேல். சூரிய வெளிச்சம் நம்மிடம் வர எட்டரை நிமிடம் கூட ஆகாது. அங்கே போய்ச்சேர ஏறக்குறைய 26 நிமிடம். ஒரு தடவை சூரியனைச் சுற்றிவர ஐந்தரை ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. தன்னைத்தானே சுற்ற சுமார் 14 மணி நேரம். 1885இலிருந்து இன்றுவரை 25 சுற்றுக்கு மேல் முடித்துவிட்டது.

இதில் ஒரு விசேஷம் இருக்கிறது. சிறுகோள் பட்டையின் உட்புறத்தில், அதாவது செவ்வாய்ப் பக்கத்தில், கற்பாறை வகை அதிகம். வியாழன் பக்கம் போகப் போகக் கரிச்சத்து மிகுந்த கறுத்த கற்களே பெரும்பான்மை. தம் மேல் விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவுக்குத்தான் அவை திருப்பி அனுப்பும். அடுப்புக்கரியைப் பார்ப்பது போலத்தான் இருக்கும். கற்பாறை வகையோ ஐந்தில் ஒரு பங்கு வரை திருப்பி அனுப்பும். வேரா இருப்பது பட்டையின் வெளிப்புறம், ஆனால் அது கற்பாறை வகை. கரிக்கடைத் தெருவில் ஒரு கருங்கல் வியாபாரி கடை போட்ட மாதிரி. கரி மூட்டைக்கு நடுவில் வைத்துப் பார்த்தால் கருங்கல்கூட வெளுப்பாகத்தான் தெரியும், இல்லையா?

பளிச்சென்றுதானே இருக்கிறது, நாமே மாடியிலிருந்து பார்க்கலாமா என்றால் முடியாது. நம் கண்ணுக்குத் தெரியும் மிக மங்கலான விண்மீனைவிட இது பெரும்பாலும் நூறு மடங்குக்கும் மேல் மங்கல். இந்த 'மடங்கு' கணக்கும் போக்சன் தந்ததுதான். விண்மீன்களை முதல் தரம், இரண்டாம் தரம் என்று வரிசைப்படுத்தும் பழக்கம் கிரேக்கர் காலத்திலிருந்து இருந்தது. ஒரு தரத்துக்கும் அடுத்த தரத்துக்கும் சரியாக எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் தகராறு. ஐந்து தரம் இறங்கினால் நூறு மடங்கு மங்கல் என்று வைத்துக்கொள்வோம், அப்போது ஒரு தரத்துக்கு 2.512 மடங்கு வரும் என்று 1856இல் போக்சன் சொன்னார். உலகம் முழுவதும் வானியலாளர்கள் இன்றும் அந்த அளவுகோலைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள்.

போக்சன் இங்கிலாந்தில் நாட்டிங்காமில் 1829இல் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் வேலை பார்த்தபோதே மூன்று சிறுகோள்களைக் கண்டார். 1861இல் சென்னை வானாய்வு நிலையத்துக்கு அரசு வானியலாளராக வந்தார். அந்த நிலையம் கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டியது. வந்த சில வாரங்களிலேயே, அந்த ஏப்ரல் 17ஆம் தேதி, எண் 67ஐக் கண்டார். ஆசியாவிலிருந்து கண்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு 'ஆசியா' என்றே பெயர். 1864இல் ஸாஃபோ, 1866இல் சில்வியா, 1868இல் கமில்லா. அதன் பிறகு 16 ஆண்டுகளுக்கு மேல் ஒன்றும் இல்லை. கடைசியாக வேரா. அப்போது அவருக்கு வயது 55. ஒரு காலத்தில் அரசு ஊழியர்கள் மாலை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போன வயது அது.

எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் என் போன்ற குமாஸ்தாவுக்கு மிகவும் பிடித்த பகுதி. கேமராவை வைத்துச் சிறுகோள் தேடும் முறை அப்போது வரவில்லை. முதலில் வானத்தின் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, அதில் இருக்கும் விண்மீன்களை எல்லாம் ஒவ்வொன்றாக அளந்து ஒரு படத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். பல இரவு வேலை, சில சமயம் பல ஆண்டு வேலை. பிறகு ஒரு நல்ல இரவில் தொலைநோக்கியைத் திருப்பி, படத்தையும் வானத்தையும் ஒத்துப் பார்க்க வேண்டும். வானத்தில் ஒரு புள்ளி கூடுதலாக இருக்கிறதா? இருந்தால் இரண்டே காரணம்தான். ஒன்று, படம் போட்டபோது அது விட்டுப்போயிருக்கும். இல்லாவிட்டால் அது புதிதாக அங்கே வந்திருக்கும். மறுநாள் இரவு பார்த்தால் தெரிந்துவிடும். விண்மீன் இருந்த இடத்திலேயே இருக்கும். சிறுகோள் கொஞ்சம் நகர்ந்திருக்கும், அதிகம் இல்லை, முழுநிலவின் குறுக்களவில் பாதிகூட இராது.

அலுவலக மொழியில் இதற்குச் சரிபார்ப்பு என்று பெயர். பழைய பேரேட்டையும் இன்றைய இருப்பையும் ஒத்துப் பார்ப்பது. எங்கே கணக்கு இடிக்கிறதோ அங்கேதான் விஷயம் இருக்கிறது. பழைய பேரேடு ஒழுங்காக இல்லாதவனுக்குப் புதிய வரவு எது என்று தெரியவே தெரியாது. வேராவைக் கண்ட இரவின் புகழ் அந்த ஒரு இரவுக்கு மட்டும் சேர்ந்ததல்ல என்று நான் சொல்வது இதனால்தான். அதற்கு முன்னால் யாரும் பார்க்காமல் நடந்த குறிப்பெடுப்பு முழுவதற்கும் அதில் பங்கு உண்டு.

அந்த 1885 பிப்ரவரி 6ஆம் தேதியைப் பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தாரண வருஷம், தை மாதம், வெள்ளிக்கிழமை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, சென்னை வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும் நாட்கள். வீடுகளில் தை வெள்ளி விளக்கு எரிந்துகொண்டிருக்கும். நுங்கம்பாக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர் கூடுதலாக ஒரு புள்ளி இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பதிவேட்டுக்காரன் ஒரு பதிவைப் படித்தால் மேலே கீழே இருக்கும் பதிவுகளையும் படிக்காமல் விடமாட்டான். நானும் பார்த்தேன். எண் 243, ஈடா: 1884 செப்டம்பர் 29, வியன்னா, கண்டவர் யோஹான் பாலிசா. எண் 244: 1884 அக்டோபர் 14, அதே வியன்னா, அதே பாலிசா. எண் 246, அஸ்போரினா: 1885 மார்ச் 6, பிரான்சின் மார்செய் நகரம், கண்டவர் பொர்ரெல்லி.

எண் 244இன் பெயரைச் சொல்லாமல் விட்டேன். அதன் பெயர் சீதா. ஆமாம், ஜனகர் மகள் சீதாதேவிதான். ஆஸ்திரிய நாட்டு வியன்னாவில் கண்டெடுத்த கல்லுக்குச் சீதை என்று பெயர். அடுத்த எண்ணில், நம் நுங்கம்பாக்கத்தில் கண்டெடுத்த கல்லுக்கு லத்தீன் பெயர். பக்கத்துப் பக்கத்து வீட்டில் பிறந்த குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரியில் பெயர்ச்சீட்டு மாறிப்போனது போல இருக்கிறது.

எனக்கு இதில் வருத்தம் இல்லை, சிரிப்புத்தான் வருகிறது. எங்கள் ஊரில் பெயர்கள் இப்படிக் கடல் தாண்டி மாறிய கதைகள் ஏராளம். 1881 செப்டம்பர் 21ஆம் தேதி வந்த பிரெஞ்சு ஆணைப்படி, சாதி சமய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் வர விரும்பிய தமிழர்கள், பதிவேட்டில் கையெழுத்திட்டுப் புதிதாக ஒரு குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். பொன்னுத்தம்பிப் பிள்ளை 'லாபோர்த்' ஆனார். போர்த் என்றால் வாசல். வேரா வானத்துப் பதிவேட்டில் ஏறியது அதற்கு மூன்றரை ஆண்டு கழித்து. வேரா என்றால் லத்தீனில் 'உண்மையானவள்'. பிரெஞ்சில் நாங்கள் சொல்லும் 'வ்ரே' என்ற சொல்லும் அதே வேரில் வந்ததுதான். பெயர் எந்தப் பாஷையாக இருந்தால் என்ன, பதிவு உண்மையாக இருக்க வேண்டும் என்பது எங்கள் மேலதிகாரி ஒருவர் அடிக்கடி சொன்ன வாக்கு.

வேராவுக்கு அருகில் இதுவரை எந்த விண்கலமும் போனதில்லை. ஆனால் பதிவேட்டில் இரண்டு எண் முன்னால் இருக்கும் ஈடாவும் கற்பாறை வகைதான். வியாழனுக்குப் போகும் வழியில் கலிலியோ விண்கலம் 1993 ஆகஸ்ட் 28ஆம் தேதி அதன் பக்கமாகப் போய்ப் படம் எடுத்தது. நீளவாட்டில் ஒரு பாறை, மேலெல்லாம் அம்மைத்தழும்பு போலக் குழிகள். எதிர்பாராத விதமாகப் பக்கத்தில் ஒன்றரை கிலோமீட்டர்கூட இல்லாத ஒரு குட்டிக் கல்லும் அதைச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு சிறுகோளுக்கு நிலவு இருக்கிறது என்று உறுதியானது அப்போதுதான். அதற்குத் தக்தில் என்று பெயர் வைத்தார்கள். 2010இல் ஜப்பானின் ஹயபுசா விண்கலம் இட்டோகாவா என்ற வேறொரு கற்பாறைச் சிறுகோளிலிருந்து தூசித் துகள்களைப் பூமிக்கே கொண்டுவந்து சேர்த்தது. பூமியில் அடிக்கடி விழும் சாதாரண விண்கற்களும் அந்தத் தூசியும் ஒரே சரக்கு என்று தெரிந்தது. அருங்காட்சியகத்தில் நாம் பார்க்கும் விண்கல் இந்த மாதிரிக் குடும்பங்களிலிருந்து உடைந்து வந்ததுதான்.

இனி, பதிவில் இல்லாதவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு இந்தக் கல்லில் அக்கறை வந்ததே அவர்களால்தான்.

போக்சனின் நிலையத்தில் முதல் உதவியாளராக இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கக் கணிதக் குடும்பத்துப் பிள்ளை. 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தின்போது போக்சன் மசூலிப்பட்டணத்தில் இருந்தார். பிரான்சிலிருந்து வந்த ழான்சன் குண்டூரில் இருந்தார். ரகுநாதாச்சாரி ஹைதராபாத் சமஸ்தானத்து வனபர்த்தியில் தனியாக ஒரு குழுவை நடத்தினார். அதற்கு முந்தைய ஆண்டு, ஒளி கூடிக் குறையும் விண்மீன் ஒன்றை அவரே கண்டுபிடித்திருந்தார். 1872இல் லண்டன் ராயல் வானியல் சங்கத்தின் உறுப்பினரானார். இந்தியர்களில் அவர்தான் முதல். 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, பொதுமக்களுக்குப் புரியும்படி நம் நாட்டு மொழிகளிலும் விளக்கம் எழுதி வெளியிட்டார். பஞ்சாங்கத்தைக் கண்ணால் பார்த்த கணக்கோடு ஒத்துத் திருத்த வேண்டும் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். 1880இல் காலமானார். வேராவைப் பதிவு செய்தபோது அவர் இல்லை. ஆனால் அந்த நிலையத்தின் பேரேடுகளில் அவர் எழுதிய கணக்கு இருந்தது.

இன்னொருவர் போக்சனின் மகள், எலிசபெத் ஐஸிஸ் போக்சன். 1852இல் பிறந்தவர். 1873இல் நிலையத்தில் கணக்கிடும் உதவியாளராகச் சேர்ந்தார். சம்பளம் மாதம் 150 ரூபாய். இரவில் எடுத்த குறிப்புகளைப் பகலில் கணக்காக்கித் தர வேண்டிய வேலை. 1881இல் சென்னை அரசின் வானிலை மேற்பார்வையாளரானார். ஐப்பசி பிறந்தால் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து "நுங்கம்பாக்கத்தில் இத்தனை சென்டிமீட்டர், மீனம்பாக்கத்தில் இத்தனை சென்டிமீட்டர்" என்று கேட்கிறோமே, அந்த வரிசையில் 140 ஆண்டுக்கு முன் உட்கார்ந்திருந்தவர் ஒரு பெண். அவர்தான்.

வேராவைக் கண்ட மறு ஆண்டு, 1886இல், ராயல் வானியல் சங்கத்தில் மகளை உறுப்பினராகச் சேர்க்கும்படி போக்சன் முன்மொழிந்தார். சங்கத்தின் 1831ஆம் ஆண்டுச் சாசனத்தில் உறுப்பினரைக் குறிக்கும் இடத்தில் ஆங்கிலத்தில் 'அவன்' என்ற ஆண்பால் சொல் இருக்கிறது, ஆகவே பெண்ணைச் சேர்க்க முடியாது என்று வக்கீல்கள் சொன்னார்கள். மனு திரும்பியது. கடைசியில் 1920இல்தான் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். இடையில் 34 ஆண்டுகள். 

இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான். நான் அலுவலகத்தில் மூன்று மொழியில் குறிப்பெழுதியவன். பிரெஞ்சில் 'இல்' அல்லது 'எல்' என்று ஆணா பெண்ணா சொல்லியே ஆக வேண்டும். ஆங்கிலத்திலும் அப்படியே. தமிழில் மரியாதையாக எழுதினால் 'அவர்'தான். ஆணும் அவர், பெண்ணும் அவர். அந்தச் சாசனத்தை நம் ஊர் குமாஸ்தா ஒருவர் தமிழில் எழுதியிருந்தால், "உறுப்பினராகச் சேர்பவர்" என்றுதான் எழுதியிருப்பார். ஐஸிஸ் 1886இலேயே உள்ளே போயிருப்பார். மரியாதைக்காக நாம் வைத்துக்கொண்ட ஒரு 'ர்' எவ்வளவு பெரிய கதவைத் திறந்திருக்கும், பாருங்கள்.

இப்போது ஒரு சொந்தச் செய்தி. நான் வேலை பார்த்த இடங்களில் ஒன்றில் ஓர் அம்மா இருந்தார். என்னைவிட மூத்தவர். எல்லாரும் அக்கா என்போம். பழைய பிரெஞ்சுப் பதிவேடுகளில் ஒரே பெயர் பத்து விதமாக எழுதப்பட்டிருக்கும். எழுதிய துரைக்குக் காதில் எப்படி விழுந்ததோ அப்படி. சுப்பராயன் என்ற ஒருவர் ஒரு பக்கத்தில் சுப்ரயேன், இன்னொரு பக்கத்தில் சூப்பராயா. தாத்தாவின் பதிவைத் தேடிப் பாரிஸிலிருந்தும் ரெயூனியனிலிருந்தும் பேரப்பிள்ளைகள் வருவார்கள். அந்த எழுத்துக்கூட்டல் காட்டில் யாராலும் ஒன்றையும் கண்டுபிடிக்க முடியாது. அக்கா பதினெட்டு ஆண்டு உட்கார்ந்து, எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்துப் பெயர் அட்டவணை ஒன்று தயாரித்தார். மின்விசிறிக்கு அடியில் தாள் பறக்கும் என்று அந்த மேசைக்கு மேல் இருந்ததை நிறுத்தியே வைத்திருப்பார். அந்தப் புழுக்கத்தில் பதினெட்டு கோடை.

அட்டவணை தட்டச்சாகி, தோல் அட்டை போட்டு வந்தது. முதல் பக்கத்தில் அப்போதைய அதிகாரியின் பெயரும் முகவுரையும் இருந்தன. அவர் அந்த இருக்கைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அக்காவின் பெயர் எங்கும் இல்லை. எனக்கு வந்த கோபம் அவருக்கு வரவில்லை. "தேடி வர்றவங்களுக்குக் கிடைக்குதில்ல தம்பி, அது போதும்" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தார்.

போன வருஷம் அக்கா காலமானார். அவரைப் பற்றி எழுதலாமா என்று அவர் மகளிடம் கேட்டேன். "எழுதுங்க, ஆனா அம்மா பேரைப் போடாதீங்க, அவங்களுக்குப் பிடிக்காது" என்றார். அந்த வாக்கை மீற எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் ஒன்று சொல்லலாம். பழைய விதிப்படி, படி எடுத்தவர் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். நாங்கள் 'பராஃப்' என்போம். அந்தக் கையெழுத்துப் பிரதியின் ஒவ்வொரு பக்கத்திலும் பச்சை மையில் இரண்டெழுத்து இருக்கிறது. அட்டையில் தேடினால் கிடைக்காது. அடியில் பார்க்கத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

எழுதுகிறவர் மனசு வைத்தால் பெயர் நிற்கும் என்பதற்கும் எங்கள் ஊரிலேயே சாட்சி உண்டு. சென்னை வானாய்வு நிலையத்தை 1805 முதல் 1811 வரை பொறுப்பில் பார்த்துக்கொண்டவர் ஜான் வாரன். பிரெஞ்சு வம்சத்தவர். கடைசியில் புதுச்சேரியிலேயே காலமானார். புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர், தரையில் சோழிகளைப் பரப்பி நகர்த்தியே, வாய்ப்பாடு முழுவதும் மனப்பாடமாக, 1825ஆம் ஆண்டுச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். காகிதமும் இல்லை, பேனாவும் இல்லை. கிரகணம் தொடங்கும் நேரத்தில் வித்தியாசம் நான்கு நிமிட அளவுதான். வாரன் தன் 'கால சங்கலித' என்ற நூலில் இதை எழுதினார். எழுதியபோது, 'ஒரு உள்ளூர்க்காரன்' என்று விட்டுவிடாமல் பெயரையும் எழுதினார். அவர் எழுத்துக்கூட்டலில் அது 'சாமி நாதன் சஷியா'. நம் வாயில் சாமிநாத சேஷையாவாக இருக்கலாம். துரை காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார், போகட்டும். இருநூறு ஆண்டு கழித்து நானும் நீங்களும் அந்தப் பெயரைச் சொல்கிறோம் அல்லவா? இவர்தான் முறையான குமாஸ்தா என்று வாரனுக்கு மனசுக்குள் ஒரு வணக்கம் போட்டேன்.

போக்சன் 1891 ஜூனில் சென்னையிலேயே இறந்தார். அதே ஆண்டு டிசம்பரில் ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் மாக்ஸ் வோல்ஃப் கேமராவை வைத்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். எண் 323. அதிலிருந்து படத்தையும் வானத்தையும் கண்ணால் ஒத்துப் பார்க்கும் தொழில் மெல்ல மெல்ல முடிவுக்கு வந்தது. போக்சன் காலத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களுக்கு எடுத்த அளவுகளை முழுதாக அச்சேற்றி முடிக்கும் வேலை, அவருக்குப் பின் வந்த மிச்சி ஸ்மித் தலையில் விழுந்தது. 1899இல் வானாய்வு வேலை கொடைக்கானலுக்கு மாறியது. பாரிஸில் லெர்பூர் - செக்ரெத்தான் பட்டறையில் செய்து 1850இல் சென்னைக்கு வந்த தொலைநோக்கியும் மலையேறியது. அதற்கு முந்தைய ஆண்டு ஐஸிஸ் ஓய்வூதியம் பெற்றுக்கொண்டு விலகினார்.

நுங்கம்பாக்கத்தில் மிச்சம் இருப்பது வானிலை மைய வளாகத்துக்குள் நிற்கும் ஒரு கருங்கல் தூண். முதல் தொலைநோக்கியைத் தாங்கிய தூண். அதில் தமிழ் உட்படப் பல மொழிகளில் கல்வெட்டு உண்டு. ஆசியாவில் கணித சாஸ்திரம் ஆங்கிலேயர் தயவால் ஊன்றப்பட்ட காலத்தை ஆயிரம் ஆண்டு கழித்து வருவோரும் அறியட்டும் என்பது அதன் சாரம். சோழி பரப்பிக் கிரகணம் சொன்ன சேஷையா இதைப் படித்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ! தூணுக்காக அதை நான் மன்னித்துவிடுகிறேன். கல் நல்ல கல்.

மேலே இருக்கும் கல்லும் அப்படித்தான். தனக்குச் சீதையின் பக்கத்து எண் கிடைத்ததும் அதற்குத் தெரியாது, உண்மையானவள் என்று பெயர் வைத்ததும் தெரியாது. கரிக்கற்களுக்கு நடுவே 26ஆவது சுற்றில் போய்க்கொண்டிருக்கிறது. அதன் பதிவில் அறிவித்தவர் என்ற கட்டத்தில் ஒரே ஒரு பெயருக்குத்தான் இடம் இருந்தது. ஓரக்குறிப்பு எழுத இடம் காலியாக இருந்ததால், ரகுநாதாச்சாரியையும் ஐஸிஸையும் நான் இங்கே எழுதிவிட்டேன். அக்காவுக்கு அந்தப் பச்சை மை இருக்கிறது.